சட்டிக்கு உள்ளும் வார்னிஷ்

வீட்டில் இருந்தபடியே சட்டிபானைக்குப் பூப்போடப் பழகலாம் என்று ஃபோனுக்குள் நின்று சிரித்துக்கொண்டு சொல்லுகிறவர்களில் ஒருவரைக்கூடச் சுதர்சினிக்குப் பிடிக்காது. அவர்களுடைய மேசையில் ஒரு சொட்டுப் பெயின்ற் சிந்தியிருக்காது. நகத்துக்குள் நிறம் இருக்காது. பின்னால் ஒரு பூச்சாடி வேறு. இதெல்லாம் வேலை நடக்கிற மேசையா என்று கேட்பாள். கேட்டுவிட்டுப் பார்ப்பதை நிறுத்துவாளா என்றால் அதுவும் இல்லை. கடைசி வரைக்கும் பார்த்து, பிழை ஒன்றைக் கண்டுபிடித்த பிறகுதான் அவளுக்குச் சாப்பாடு இறங்கும்.

வெள்ளவத்தையில் காலி வீதி என்கிற பெருந்தெருவிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், நான்காம் மாடியில் அவளுடைய ஃபிளாட். கல்யாணத் தட்டங்களுக்கும் கும்பங்களுக்கும் ஸ்டென்சில் வைத்துப் பூப்போட்டுக் கொடுப்பது அவளுடைய வேலை. ஸ்டென்சில் எதுவும் கடையில் வாங்கினதில்லை. பழைய எக்ஸ்ரே தாளைப் பிளீச் கலந்த தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்தால் எலும்பெல்லாம் கழுவுப்பட்டுப் போய்விடும். மிஞ்சுகிற தாளில் பிளேட்டால் வெட்டுவாள். அவளுடைய கணவன் உமாசுதன் விழுந்து முழங்காலை உடைத்தபோது எடுத்த படம் இப்போது மாங்காய்க் கொடி ஸ்டென்சிலாக இருக்கிறது. மனுசன் விழுந்ததில் அந்தளவுக்காவது பிரயோசனம் என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிச் சொல்லுவாள்.

வாய் அப்படி. யாராவது பிறஷில் பெயின்றை அள்ளித் தொட்டால் ஏச்சு விழும். தொட்ட பிறஷைத் துணியில் தட்டி, இனி இதில் பெயின்றே இல்லை என்று தோன்றுகிற அளவுக்குக் காயவைத்து, நிமிர்த்திப் பிடித்து மெல்லக் குத்தவேண்டும். தேய்த்தால் ஓரத்தால் ஊறும். ஊறினால் அது பூ இல்லை, கறை. இதையெல்லாம் சாதாரணமாகச் சொல்லித்தந்தால் கேட்கிறவர்களுக்கும் பிரயோசனமாக இருக்கும். சுதர்சினிக்கு அப்படிச் சொல்லிப் பழக்கமில்லை.

உமாசுதனின் தங்கை துஷாந்தினிக்குக் கடைசியில் கல்யாணம் பொருந்தி வந்தது. தாயும் தகப்பனும் இல்லாத பிள்ளை. அண்ணன் வீட்டில், சுதர்சினியின் கையில் சாப்பிட்டு வளர்ந்தவள். சாதகம் பொருந்தினால் சீதனம் பொருந்தாது, அது பொருந்தினால் வயது கூடிப்போச்சு என்பார்கள். வந்த சம்பந்தமெல்லாம் அப்படியே கலைந்து, இனிமேல் நடக்காது என்று சொந்தக்காரர் வாய்விட்டே பேசத் தொடங்கியபோதுதான் இந்த மாப்பிள்ளை வந்தான். சுதர்சினி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். உடைத்த கையோடு யார் யார் என்னென்ன கதைத்தார்கள் என்று ஒவ்வொருவராக நினைத்து மனதுக்குள் ஏசியும் முடித்தாள்.

கல்யாணத்துக்கு லண்டனிலிருந்து மேனுகா வந்தாள். உமாசுதனுக்குத் தமக்கை, சுதர்சினிக்கு மச்சாள். மேனுகாவின் புருசன் அவளை விட்டுப் போய் நாளாகிவிட்டது. குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் வாயால் சொல்லமாட்டார்கள். "அவருக்கு லீவு கிடைக்கேல்லை" என்று மேனுகா சொன்னாள். "ஓமோம், லண்டனில லீவு கஷ்டம்தான்" என்று எல்லாரும் தலையாட்டினார்கள்.

ஹெவ்லொக் டவுனில் வாடகைக்கு ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தவள், வந்த மறுநாளே ஒரு சூட்கேசை இழுத்துக்கொண்டு ஃபிளாட்டுக்கு வந்தாள். சேலை இருக்கும் என்று துஷாந்தினி ஓடிப்போய்த் திறந்தாள். உள்ளே பெயின்ற். சின்னச் சின்னப் போத்தல்கள், ஒட்டுகிற ஸ்டென்சில், விதவிதமான பிறஷ், இரண்டு தகர டப்பா வார்னிஷ்.

"முளைப்பாலிகைச் சட்டி அஞ்சும் நான்தான் செய்யப்போறன். சுதர்சினி, நீர் ஒண்டுக்கும் மினக்கெட வேண்டாம்" என்றாள் மேனுகா.

முளைப்பாலிகை என்றால் விளையாட்டில்லை. தாலிக்குப் பொன்னுருக்குகிற நாளில் ஐந்து மண்சட்டிகளில் ஒன்பது தானியத்தை விதைப்பார்கள். புருசனோடு வாழுகிற பெண்கள் ஐந்து பேர் பாலும் தண்ணீரும் தெளிப்பார்கள். கல்யாணத்தன்று அந்த முளையை மணவறையில் வைப்பார்கள். முளை செழித்தால் குடும்பம் செழிக்கும். செழிக்காவிட்டால் ஆளுக்கொரு கதை கதைப்பார்கள். இத்தனை நாள் காத்திருந்து கல்யாணம் முடிக்கிற துஷாந்தினிக்கு அந்தக் கதை வரக்கூடாது.

வெள்ளவத்தையில் எத்தனையோ வீட்டுக்கு அந்தச் சட்டி செய்து கொடுத்தவள் சுதர்சினி. தன் வீட்டுக் கல்யாணத்தில், தன் மேசையில் வைத்து, நீ மினக்கெட வேண்டாம் என்று ஒருத்தி சொன்னால் எப்படி இருக்கும். அவளுக்கு மூக்குவரை கோபம் வந்தது.

"ஓம் மச்சாள். நான் பிறஷ் கழுவித் தாறன்" என்றாள்.

குத்தத்தான் சொன்னாள். மேனுகா அதை உதவியென்று எடுத்துக்கொண்டு, அன்றிலிருந்து உண்மையாகவே பிறஷையெல்லாம் கழுவக் கொடுத்தாள்.

வேலை தொடங்கிய அன்றைக்குச் சுதர்சினி ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரில் இருந்தாள். சட்டியைக் கழுவிக் காயவிடாமல் சந்தையிலிருந்து வந்த புழுதியோடு மேனுகா பெயின்ற் அடித்தாள். ஒட்டுகிற ஸ்டென்சில் அந்தப் புழுதியில் ஒட்டவில்லை. சட்டி வயிறு வளைந்தது, ஸ்டென்சில் வளையாது. வளைவுக்கு வைக்கிற தாளின் ஓரத்தைச் சுற்றிவரச் சின்னதாக வெட்டிவிட்டால் அது வயிற்றில் படிந்து இருக்கும் என்பது சுதர்சினியின் வீட்டுப் பல்லிக்கும் தெரியும். மேனுகாவுக்குத் தெரியவில்லை. அவள் ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுகையால் பெயின்றை அள்ளி அப்பினாள். தாளை எடுத்தபோது தாமரை இதழெல்லாம் ஒன்றோடொன்று ஊறிக் கிடந்தது.

"வடிவா இருக்கு மச்சாள். கத்தரிக்காயோ?" என்றாள் சுதர்சினி.

கடல் பக்கத்துக் கதவு வேறு ஆவென்று திறந்து கிடந்தது. வார்னிஷ் பூசுகிற நேரம் உப்புக் காற்று பட்டால் அது காயாது, ஒட்டிக்கொண்டே கிடக்கும். அந்தக் கதவைச் சாத்தச் சொல்லலாம். சுதர்சினி சொல்லவில்லை. காற்று வாங்கட்டும் என்று விட்டாள்.

பிறகு மேனுகா செய்ததைப் பார்த்து அவளாலும் சும்மா இருக்கமுடியவில்லை. சட்டியின் அடியில் இருந்த துளையை மேனுகா சுவர் வெடிப்புக்கு வைக்கிற புட்டிப் பசையால் அடைத்தாள். தண்ணீர் ஒழுகி மண்டபத்துக் கம்பளம் பழுதாகிவிடுமாம். அதன்பிறகு சட்டியைத் தூக்கி, உள்ளுக்கும் வார்னிஷ் பூசத் தொடங்கினாள்.

"மச்சாள், உள்ளுக்கும் பூசினால் அது சட்டியில்லை, கிண்ணம். பாயாசம் வைக்கலாம். பயறு முளைக்காது."

"உள்ளுக்குப் பூசாட்டி ஈரம் வெளியால வந்து பெயின்ற் எல்லாம் உரிஞ்சு விழும். வீடியோவில வடிவாச் சொல்லியிருக்கு. இஞ்ச பாரும்."

மேனுகா ஃபோனை நீட்டினாள். பூச்சாடி வைத்த மேசை. சிரித்த முகம். சுதர்சினி முழுவதையும் பார்த்தாள்.

"அந்தச் சட்டிக்குள்ள அவ என்ன வைச்சிருக்கிறா மச்சாள்?"

மேனுகா பார்த்தாள். "பிளாஸ்ரிக் பூப் போலக் கிடக்கு."

"அது முளைக்கவும் மாட்டுது, சாகவும் மாட்டுது. அவவுக்கென்ன, உள்ளுக்கும் பூசலாம், வெளியிலும் பூசலாம், தானும் பூசிக்கொண்டு நிக்கலாம்."

பக்கத்தில் நின்ற துஷாந்தினி சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு வாயைப் பொத்தினாள். மேனுகாவின் முகம் சிவந்து போயிற்று. குனிந்து, உள்ளுக்கு ஒரு பூச்சுப் பூச இருந்தவள் மூன்று பூச்சுப் பூசினாள்.

மண்சட்டி தோலால் தண்ணீர் குடிக்கும். கூடின தண்ணீரை அடியால் விடும். அதனால்தான் முளைச் சட்டிக்கு வெளியில் மட்டும், அதுவும் மெல்லிசாகப் பூசி, அடியை வெறுமனே விடுவது. ஒரு கிழமைக்குப் பிறகு பெயின்ற் உரிந்தால் உரியட்டும், ஒரு கிழமைக்குத்தானே வேலை. இதை இந்த மாதிரியே சுதர்சினி சொல்லியிருந்தால் இரண்டு நிமிடத்தில் கதை முடிந்திருக்கும்.

பொன்னுருக்கன்று சிவக்கொழுந்து வந்தாள். மேனுகாவுக்கும் உமாசுதனுக்கும் துஷாந்தினிக்கும் தாயின் தமக்கை, பெரியம்மா. சுதர்சினிக்கு மாமி. பெற்றவர்கள் இல்லாத வீட்டில் பெரியதலை அவள்தான் என்று அவளே தீர்மானித்து வைத்திருந்தாள். புருசனை இழந்தவள் என்பதால் சட்டியைத் தொடமாட்டாள். சாமி அறை வாசலில் கதிரை போட்டு இருந்துகொண்டு, மற்றவர்கள் எப்படித் தொடவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "மண்ணை அழுத்தாத. பாலைக் கொட்டாத. வலக்கையால, வலக்கையால."

விதைக்கிற ஐந்து பேரில் சுதர்சினியும் ஒருத்தி. மேனுகா பால் செம்பை எடுத்துக்கொண்டு கிட்ட வந்தாள்.

"நீ அங்கால நில் பிள்ளை. நீ ஃபோட்டோவை எடு" என்றாள் சிவக்கொழுந்து.

மேனுகா செம்பைக் கீழே வைத்தாள். தள்ளி நின்று ஃபோட்டோ எடுத்தாள். நல்ல வடிவாக எடுத்தாள் என்றுதான் பிறகு எல்லாரும் சொன்னார்கள். அவள் செம்பைக் கீழே வைத்ததைச் சுதர்சினி கண்டாள். ஆனால் அந்த நேரம் அவளுடைய கவனம் தன் விரலில் இருந்தது. சட்டி விளிம்பில் வார்னிஷ் இன்னும் காயாமல் பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. பால் வாசத்துக்கு மேலால் அது மணத்தது. வீட்டில் ஒரு நல்ல காரியம் நடக்கிறதா, ஹாட்வெயார் கடை நடக்கிறதா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று பின்னேரம் மிச்சத் தானியத்தை எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போனாள். ஒரு லீற்றர் ஐஸ்கிரீம் பெட்டிகள் ஐந்து. அடியில் சூடுகாட்டிய ஊசியால் துளை போட்டாள். மண் நிரப்பி, விதைத்து, தெளித்து, உடுப்புக் கழுவுகிற மெஷினுக்குப் பின்னால் வைத்து, பெரிய பேசின் ஒன்றைக் கவிழ்த்து மூடினாள். அன்பில் செய்தாள் என்று யாரும் நினைக்கவேண்டாம். கல்யாணத்துக்கு முதல் நாள் உங்கள் சட்டி நாறும் மச்சாள் என்று மனதுக்குள் சொன்னாள். அப்போது நான் ஐஸ்கிரீம் பெட்டியைக் கொண்டுவந்து நடுவீட்டில் வைப்பேன். வைத்துவிட்டு, பாயாசம் வைத்திருக்கலாம் மச்சாள் என்று ஒரு வசனம் சொல்லுவேன். அதற்காகத்தான் அவ்வளவும். அந்த வசனத்தை எந்தக் குரலில் சொல்வது என்றுகூடப் பாத்திரம் கழுவும்போது சொல்லிப் பார்த்தாள்.

சொன்னது போலவே நடந்தது. சட்டிக்குள் தண்ணீர் வற்றவில்லை. பயறு ஊதி, தோல் கழன்று, மேலே நுரை கட்டியது. மேனுகா தினமும் காலையில் வந்து குனிந்து பார்த்தாள். "தண்ணி காணாது போல" என்று இன்னும் ஊற்றினாள். பல்கனியில் பேசினுக்கு அடியில் முளைகள் வெள்ளையும் மஞ்சளுமாக நெருக்கி நெட்டையாக வந்தன. சுதர்சினி அந்த நாட்களில் சமைக்கும்போது பாடினாள். இவள் பாடி இந்த வீட்டில் கேட்டதில்லையே என்று உமாசுதன் பயந்து, காய்ச்சலா என்று கேட்டான்.

பிறகு ஒரு காலையில் சிவக்கொழுந்து வந்தாள். சாமி அறையை எட்டிப் பார்த்தாள். மூக்கைச் சுளித்தாள். நேரே குசினிக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"ஏன் முளைக்கேல்லை எண்டு எனக்குத் தெரியும் பிள்ளை" என்றாள்.

"ஓம் மாமி. உள்ளுக்கும்..."

"வாழாவெட்டி தொட்ட சட்டி எப்பிடி முளைக்கும். சட்டி தானேயெண்டு நானும் விட்டிட்டன். விட்டிருக்கக் கூடாது. அவளின்ர பீடை துஷாந்தினிக்கும் பிடிக்கப்போகுது."

சுதர்சினி கையில் இருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். "மாமி, அது வார்னிஷ். உள்ளுக்கும் பூசி, துவாரத்தையும் அடைச்சால் தண்ணி நிண்டு அழுகும். ஆர் பூசினாலும் அழுகும். நான் பூசினாலும் அழுகும்."

"வார்னிஷோ தாரோ, அவளின்ர கைதானே பூசினது. நீ கேள். மாப்பிள்ளை பகுதி கேட்டால் நான் மறைக்கமாட்டன். உள்ளதைச் சொல்லுவன். அவளை மண்டபத்தில மணவறைப் பக்கம் வரவேண்டாமெண்டு நீ சொல்லு. நீதானே அவளோட வாய் காட்டுறனி, உனக்குச் சொல்ல லேசு."

சொல்லிவிட்டு, தேத்தண்ணி போடு, சீனி குறைச்சுப் போடு என்றும் சொன்னாள்.

சுதர்சினி அடுப்புக்கு முன்னால் நின்றாள். தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தாள். மேனுகாவுக்குப் பிறஷ் பிடிக்கத் தெரியாது. சட்டி கழுவத் தெரியாது. காற்றுக்குக் கதவு சாத்தத் தெரியாது. அதற்கு அவளை ஏசலாம், நாலு பேருக்கு முன்னால் நாக்கைப் பிடுங்குகிற மாதிரிக் கேட்கலாம். அது சுதர்சினியின் உரிமை. வேலை தெரிந்தவள் வேலை தெரியாதவளை ஏசுவது. இந்த மனுசி ஏசுகிறது எதை. புருசன் விட்டுப்போனதை. பிறஷ் என்றால் என்னவென்று தெரியாத மனுசி, புருசனை இழந்தவள் என்று தன்னையும் ஒரு கதிரையில் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் என்பதைக்கூட விளங்காத மனுசி, அந்தக் கதிரையிலேயே இருந்துகொண்டு இன்னொருத்தியை வாசலுக்கு வெளியே தள்ளுகிறாள்.

அதைவிட மோசமான ஒன்று தண்ணீர் கொதிக்கும்போது விளங்கியது. பல்கனியில் இருக்கிற ஐஸ்கிரீம் பெட்டிகளை நடுவீட்டில் கொண்டுவந்து வைத்தால் என்ன நடக்கும். ஒரே தானியம், ஒரே நாள். வாழுகிறவள் கைபட்டது முளைத்தது, வாழாதவள் கைபட்டது அழுகியது. பார்த்தியளோ என்று சிவக்கொழுந்து ஊருக்கெல்லாம் காட்டுவாள். சுதர்சினி இத்தனை நாள் தண்ணீர் தெளித்து வளர்த்தது இந்த மனுசிக்குச் சாட்சி சொல்லவா. அந்த வசனத்தைச் சொல்லிப் பார்த்த வாயைக் கழுவவேண்டும் போல இருந்தது.

தேத்தண்ணிக்குச் சீனியை அள்ளிப் போட்டாள்.

சிவக்கொழுந்து போன பிறகு, மஞ்சள் துணி ஒன்றை நனைத்து ஐந்து சட்டிகளையும் மூடிக் கட்டினாள். "இனிக் கலியாணம் வரைக்கும் ஒருத்தரும் திறந்து பாக்கக்கூடாதாம். மாமி சொல்லிப்போட்டா" என்று எல்லாருக்கும் சொன்னாள். மாமியின் பேரைச் சொன்னால் ஒருவரும் திரும்பக் கேட்கமாட்டார்கள். ஒரு உபயோகத்துக்காவது அந்தப் பேர் இருக்கட்டும்.

கல்யாணத்துக்கு முதல் நாள் எல்லாரும் பியூட்டி பார்லருக்குப் போனார்கள். தலையிடி என்று சொல்லிச் சுதர்சினி நின்றாள். லிப்ட் கதவு மூடிய சத்தம் கேட்டதும் துணியை அவிழ்த்தாள். மூக்கைச் சேலைத் தலைப்பால் கட்டிக்கொண்டு, அழுகலைக் குப்பைப் பைக்குள் கொட்டி, சட்டியைத் துடைத்து, புட்டியைக் குடைந்து எடுத்தாள். குடையும்போது வாய் சும்மா இருக்கவில்லை. லண்டனுக்குப் போய்ப் படித்தது இதைத்தானோ, இவ்வளவு புட்டியை வைத்தால் கப்பலையும் அடைக்கலாம் என்று தனியே ஏசிக்கொண்டிருந்தாள்.

ஐந்தாவது சட்டியைத் துடைக்கும்போது அவளுக்கு ஏச ஒன்றும் கிடைக்கவில்லை. மாங்காய் ஓரம் சுத்தமாக விழுந்திருந்தது. பெயின்ற் மெல்லிசு. ஓர் இடத்திலும் ஊறவில்லை. வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நாலைப் பழுதாக்கி ஐந்தாவதில் பழகியிருக்கிறாள். தானும் தொடக்கத்தில் எத்தனையைப் பழுதாக்கினாள் என்று நினைவு வந்தது. அந்த நினைவு அவளுக்குப் பிடிக்கவில்லை. சட்டியைக் கீழே வைத்தாள்.

பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினால் முளை வேரோடு கட்டியாக வந்தது. ஒவ்வொன்றையும் சட்டிக்குள் இறக்கி, சுற்றிவர இருந்த இடைவெளியை மண்ணால் நிரப்பி, துணியை மூடிக் கட்டினாள். ஐஸ்கிரீம் பெட்டியைக் கழுவி, அலுமாரியில் மிளகாய்த்தூளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

விடியத் துணியை அவிழ்த்தபோது துஷாந்தினி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணுக்குப் போட்ட மை கலையப்போகிறதென்று பார்லர்க்காரி பின்னால் ஓடிவந்தாள். மேனுகா நிலத்தில் முழங்காலில் இருந்து முளையை விரலால் தடவினாள். சிவக்கொழுந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தாள். "நான் கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினனான். வீண்போகேல்லை" என்று முழுப் பெருமையையும் தன் பக்கம் எடுத்துக்கொண்டாள்.

மேனுகா திரும்பினாள். "பாத்தீரே சுதர்சினி. உள்ளுக்குப் பூசினால் முளைக்காதெண்டீர்."

சுதர்சினியின் வாய்க்குள் அந்த வசனம் தயாராக நின்றது. எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஓம் மச்சாள். நான் பிழை" என்றாள். பல்லைப் பிடுங்கினால்கூட அவ்வளவு நொந்திருக்காது.

மண்டபத்தில் மாப்பிள்ளையின் தாய் சட்டிகளைப் பார்த்துவிட்டு யாருடைய கைவேலை என்று கேட்டாள். "என்ர அக்கா செய்தது" என்றாள் துஷாந்தினி. மேனுகா மணவறைக்குப் பக்கத்திலேயே நின்றாள். தங்கையின் முந்தானையைச் சரிசெய்தாள். தாலி கட்டும்போது அழுதாள். ஒருவரும் அவளைத் தள்ளி நிற்கச் சொல்லவில்லை. சுதர்சினி முன்வரிசையில் இருந்து, காயாத வார்னிஷில் ஒட்டிக்கிடந்த அட்சதையைப் பார்த்து மனதுக்குள் ஏசிக்கொண்டிருந்தாள்.

கல்யாணம் முடிந்தால் முளையைக் கடலில் கரைக்கவேண்டும். இரண்டு நாள் கழித்து ஒரு பின்னேரம் சட்டிகளைக் கூடைக்குள் வைத்துக்கொண்டு, ரயில் தண்டவாளத்தைக் கடந்து கற்களுக்கு மேலால் இறங்கினார்கள். சிவக்கொழுந்துக்குக் கல்லில் இறங்க ஏலாது. தண்டவாளத்துக்கு இங்காலே மதிலில் இருந்துகொண்டு, அங்கிருந்தே கை காட்டினாள். மேனுகா ஃபோனைக் கல்லில் சாய்த்து வைத்து வீடியோ போட்டாள். முளைப்பாலிகைச் சட்டிக்குப் பெயின்ற் அடிப்பது எப்படி என்று லண்டனில் இருக்கிறவர்களுக்குப் போடப்போகிறாளாம். உள்ளுக்கும் மூன்று பூச்சு, மறக்கவேண்டாம் என்று ஃபோனைப் பார்த்துச் சிரித்துச் சொன்னாள். சுதர்சினி கடலைப் பார்த்தாள்.

மேனுகா முதல் சட்டியைக் கவிழ்த்து அடியில் தட்டினாள். ஓரத்து மண் உதிர்ந்தது. முளை கட்டியாக அவளுடைய கையில் விழுந்தது.

நீள்சதுரம். நாலு மூலையும் கூராக, அடியில் பெட்டியின் கோடுகள் வரிவரியாகப் பதிந்து, வெட்டி எடுத்த கேக் துண்டு போல இருந்தது. வட்டச் சட்டியிலிருந்து வந்தது அது.

மேனுகா அதைப் பார்த்தாள். சட்டிக்குள் பார்த்தாள். அடியில் புட்டி இருந்த துளையால் கடல் தெரிந்தது. இரண்டாவது சட்டியைத் தட்டினாள். அதுவும் நீள்சதுரம். எட்டி ஃபோனை நிறுத்தினாள்.

"ஐஸ்கிரீம் பெட்டி" என்றாள்.

பாயாசம் வைத்திருக்கலாம் என்ற வசனம் சுதர்சினியிடம் இன்னும் இருந்தது. கேட்க ஆளும் இருந்தது. ஆனால் அது வாயில் வரவில்லை.

"என்ன அங்க மினக்கெடுறியள்?" மதிலில் இருந்து சிவக்கொழுந்து கூப்பிட்டாள்.

"வேர் இறுகிப்போய்க் கிடக்கு மாமி" என்று சுதர்சினி திரும்பிக் கத்தினாள். "நீங்கள் இருங்கோ."

மேனுகா நீள்சதுரக் கட்டியை மடியில் வைத்து, மூலைகளை ஒவ்வொன்றாக விரலால் உடைத்தாள். பெரியம்மாவுக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்றுதான் உடைக்கிறாள் என்று சுதர்சினிக்கு விளங்கியது. அவளும் பக்கத்தில் குந்தியிருந்து மற்றக் கட்டியை எடுத்து உடைத்தாள்.

"பெரியம்மா என்ன சொன்னவ?" என்று மேனுகா கேட்டாள்.

"ஒண்டும் சொல்லேல்லை மச்சாள்."

"என்ன சொல்லியிருப்பா எண்டு எனக்குத் தெரியும். அதுக்குத்தான் நான் சட்டியை எடுத்தனான். விதைக்க விடமாட்டினம், ஆலாத்தி எடுக்க விடமாட்டினம். சட்டிக்குப் பெயின்ற் அடிக்கிறதை ஒருத்தரும் தடுக்கமாட்டினம் எண்டு நினைச்சன்."

கூடைக்குள் ஐந்தாவது சட்டி இருந்தது. மாங்காய் ஓரம் வெயிலில் வடிவாகத் தெரிந்தது. சுதர்சினி அதைப் பார்த்தாள். அன்று எதிரில் கதிரை போட்டு இருந்து, கத்தரிக்காயோ என்று கேட்டது நினைவு வந்தது. வெட்கமாக இருந்தது.

மேனுகா உடைத்த மண்ணைத் தண்ணீரில் விட்டாள். அலை வந்து முளையை இழுத்துப் போயிற்று.

"நீர் அண்டைக்கே எனக்குச் சொன்னனீர்தானே" என்றாள். "உள்ளுக்குப் பூசவேண்டாமெண்டு."

"நான் நக்கலடிச்சனான் மச்சாள்" என்றாள் சுதர்சினி. "சொல்லேல்லை."